புரை

ஆறு மாதம் என்றார் டாக்டர் பரூச்சா,
மேஜைக் காலண்டரைப் புரட்டாமலே.
சிசேரியன் தையலுக்குக் கீழே
புரையோடியிருக்கிறதாம்.
காலை எட்டு, இரவு எட்டு.
ஒரு வேளை தப்பக் கூடாது.
"பால் கொடுக்கலாமா?"
"தாராளமாக. குழந்தைக்கு வயிறு போனால் மட்டும் சொல்லுங்கள்."

போயிற்று.
பதினோராம் நாள், பச்சையாக, ஏழு தடவை.
துடைத்தாலும் போகாத வெள்ளை அவள் நாக்கில்.
அவள் வாய் வைக்கும்போதெல்லாம்
என் காம்புக்குள் கண்ணாடித் தூள்.

அதற்குப் பிறகுதான் இந்த கேப்சூல் வந்தது.
ஒன்று முப்பத்தெட்டு ரூபாய்.
ஒன்றுக்குள் ஐந்நூறு கோடி உயிர் என்று
டப்பாவில் போட்டிருக்கிறது.
சுயம்பு சைபர்களை விரல் வைத்து எண்ணிவிட்டு
"குர்லா ஸ்டேஷன் தோற்றது" என்றான்.

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.
மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் விட வேண்டும்.
எட்டுக்கு அது, பத்துக்கு இது.
நடுவில் இவள் எப்போது பசித்து அழுவாள் என்று
எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

எனக்கு ஒன்பது வயதில்
வடாலாவில் முனிசிபாலிட்டி வண்டி வந்தது.
அதுவும் காலை எட்டு மணிக்குத்தான்.
மஞ்சள் கையை நீட்டி
ஒரு வரிசை முழுக்கச் சாய்த்தது.
சாராயம் விற்றவன் குடிசை எது,
எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த எஸ்தர் அக்காவின் குடிசை எது என்று
அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.
பத்து மணிக்கு வண்டி போயிற்று.
பத்தேகாலுக்கு முதல் தார்ப்பாய் விரிந்தது.
அப்பா நாலு மூங்கில் நட்டார்.
அம்மா அதே மூன்று கல்லைத் தேடி எடுத்து
உலை வைத்தாள்.
அடுத்த வாரம் வண்டி மறுபடி வந்தது.
மூங்கிலும் மறுபடி வந்தது.

பத்து மணி.
தண்ணீர் ஊற்றி விழுங்குகிறேன்.
போங்கள், போய் இடம் பிடியுங்கள்.
இரவு எட்டு வரை உங்களுடையது.

எதிர் வீட்டு விமல்தாய்
விலையைக் கேட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.
கிண்ணத்தில் ஒரு கரண்டித் தயிர் கொண்டுவந்து
"விரஜண்" என்றாள்.
எங்கள் வீட்டில் இதற்குப் பேர் புரை
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.
பாலில் விட்டால் புரை.
சதைக்குள் ஓடினாலும் புரை.
இத்தனை வருஷம் இந்தச் சொல்லை
வாய்க்குள் வைத்துக்கொண்டு
யோசிக்காமலே தயிர் சாதம் தின்றிருக்கிறேன்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன்:
தயிர் போதுமா, கேப்சூல்தான் வேண்டுமா?
"இரண்டிலும் கெடுதல் இருக்காது.
பலன் எவ்வளவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்."
என் பாலில் அவளுக்குப் போவது எது?
"மருந்து, கொஞ்சம்."
மற்றது?
பேனாவை மூடினார்.
"தெரியாது."
அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஜூலை மழையில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை.
கூடையை மூட்டை கட்டிக்கொண்டிருந்த மீன்காரி
மிச்ச ஐஸைத் தந்தாள்.
எவர்சில்வர் தூக்கில் ஐஸ், அதில் டப்பா.
இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் உயிர்களும்
ஒரு வாரம் பாம்ப்லெட் மணத்தன.
விழுங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

தொண்ணூற்று நாலாம் நாள், ராத்திரி இரண்டரை.
டயப்பரை அவிழ்த்தேன்.
மஞ்சள்.
கடுகை அரைத்து அப்பினதுபோல், பொடிப்பொடியாக,
நல்ல மஞ்சள்.
வாசனையும் பார்த்தேன்.
சுயம்புவை உலுக்கி எழுப்பினேன்.
பதறி எழுந்தவன் கண்ணாடியைத் தேடிப் போட்டு
பேங்க் பாஸ்புக்கைப் பார்ப்பதுபோல்
வெகுநேரம் பார்த்தான்.
"படம் எடுத்து வைக்கட்டுமா?" என்றான்.

எட்டு மணிக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம்.
அவள் காலை உதைத்துக்கொண்டு
அடுத்த மார்பைக் கேட்கிறாள்.